திரும்பி வந்த நிலையம்

இடிந்த கட்டடத்தை மீண்டும் எழுப்பிவிடலாம். எழுப்பியதும் இழந்தது மீண்டுவிட்டது என்று நாம் சொல்லலாமா? இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைப் புகையிரத நிலையம் நம்மிடம் இக்கேள்வியைக் கேட்கிறது.

1902இல் சாவகச்சேரிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. 1905இல் அப்பாதை தெற்கோடு இணைந்தது. 1956 முதல் யாழ்தேவி கொழும்பிலிருந்து இங்கு வரத் தொடங்கியது. துறைமுகமும் சீமெந்துத் தொழிற்சாலையும் கொண்ட அச்சிறு பட்டினத்திற்கு அந்நிலையமே தலைவாசலாயிற்று.

1990இல் போர் வண்டியை நிறுத்தியது. அதே ஆண்டில் ஊர் மக்களும் இடம்பெயர்ந்தனர். நிலையம் பாழடைந்தது. வடபகுதிப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. மனிதரை மனிதரிடம் கொண்டு சேர்த்த இரும்பே, மனிதருக்கு அஞ்சி மனிதர் ஒளியும் அரணாக மாறிற்று.

போர் 2009இல் முடிந்தது. இந்தியக் கடனுதவியோடு பாதை புதிதாக இடப்பட்டது. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்திற்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. ஆயின் அன்று அந்நிலையத்தைச் சூழ்ந்த காணிகளில் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்தினுள் இருந்தது. வண்டி ஊருக்குத் திரும்பிற்று. ஊரவர் பலர் நலன்புரி முகாம்களிலும் உறவினர் இல்லங்களிலுமே இருந்தனர். பின்னர் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. எனினும் இன்றும் காத்திருப்போர் உளர்.

"பாதை முதலில் வரட்டும், மக்கள் பின்னர் வருவர்" என்பார் உண்டு. இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. பாதையின்றி மருந்தும் வாராது, சந்தையும் கூடாது, பிரிந்த உறவும் சேராது. அதைச் செய்து முடித்தவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் வழியைத் திறப்பது வேறு, வீட்டைத் திருப்பிக் கொடுப்பது வேறு. முன்னதற்குப் பணமும் பொறியியலும் போதும். பின்னதற்கு நீதி வேண்டும். முன்னதைக் காட்டிப் பின்னதை மறக்கச் செய்வோமாயின், புதுச் சுண்ணாம்பு பழைய காயத்தை மூடும் திரையாகிவிடும்.

புகையிரத நிலையம் யாருக்கு உரியது? அங்கு இறங்கி, "இதோ என் ஊர்" என்று சொல்லித் தன் படலையை நோக்கி நடப்பவருக்கே உரியது. அப்படி நடக்க ஒரு குடும்பமேனும் காத்திருக்கும் வரை சீரமைப்பு முடிந்துவிட்டதாக நாம் எண்ண வேண்டாம். திறப்பு விழாவின் நாடா ஒரே நாளில் வெட்டப்படுகிறது. திரும்பி வருதல் என்பதோ, கடைசி மனிதர் தம் மூட்டையோடு வந்து இறங்கும் நாளில்தான் நிறைவுறும்.