கூலி கொடுத்தவருக்குத் தீர்ப்பும் சொந்தமா?



ஒருவருடைய உழைப்பை நாம் கூலி கொடுத்துப் பெறுகிறோம். அந்தக் கூலியோடு அவருடைய தீர்ப்பும் எமக்குச் சொந்தமாகி விடுமா? அவர் "வேண்டாம்" என்று சொல்லும்போது, "பணம் தந்தவன் நான், நட" என்று சொல்ல எமக்கு உரிமை உண்டா? வீட்டிலும் வேலைத்தலத்திலும் நாளாந்தம் எழும் இக்கேள்வி, உயிரா சாவா என்ற கேள்வியாகவே நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது அல்ப்ஸ் மலைகளின் உயர்ந்த பனிவெளி.

வெண்பனியை அறியாத எமக்குச் சற்று விளக்கம் தேவை. கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிமலையில் வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. பெரும்பாலானோர் அதற்கெனச் சீர்செய்து காவல் வைத்த தடங்களிலேயே சறுக்குவர். சிலர் மட்டும் அத்தடங்களை விட்டு விலகி, மனிதர் கைபடாத பனியில் இறங்க விரும்புவர். பிரான்சு நாட்டின் சமோனி என்ற மலையூரிலிருந்து, கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டி அவர்களை 3,842 மீற்றர் உயரமான எகுய் டு மிடி சிகரத்தருகே கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து வலே பிளான்ஷ், அதாவது வெண்பள்ளத்தாக்கு, வழியாக ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரம் பனியாறுகளின் மேல் இறங்கலாம். அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர் முன்னே செல்வார்.

அவருடைய வேலை சறுக்குவதற்கு முன்பே தொடங்கி விடுகிறது. பனிச்சரிவு அபாயம் ஐந்து படிகளில் எந்தப் படியில் உள்ளது என்று அன்றைய அறிக்கையில் பார்க்கிறார். புதையுண்டால் இருப்பிடம் காட்டும் சிறு கருவி ஒவ்வொருவர் உடலிலும் இயங்குகிறதா, தோண்டச் சவலும் துழாவ நீண்ட கோலும் பையில் உண்டா என்று சோதிக்கிறார். மேலே, ஒடுங்கிய பனி முகட்டில் எல்லோரையும் கயிற்றால் பிணைத்து இறக்குகிறார். பனியாறு உறுதியான தரைபோலத் தோன்றும். அடியிலோ ஆழமான வெடிப்புகள் இருக்கும். மெல்லிய பனிப்பாலம் அவற்றின் வாயை மூடியிருக்கும். ஆகவே தமது தடத்தை விட்டு விலக வேண்டாம் என்கிறார்.

நண்பகலாகிறது. வானம் தெளிந்திருக்கிறது. எவரும் கால்வைக்காத அழகிய மலைச்சாய்வு ஒன்று எதிரே தெரிகிறது. வந்தவர்களோ இந்த ஒரு நாளுக்காக மாதக்கணக்கில் காசு சேர்த்தவர்கள். வழிகாட்டி பனியைக் கிளறிப் பார்க்கிறார். பனி படை படையாகப் படிவது. அடியில் ஒரு படை பலமற்றிருந்தால், சறுக்குபவரின் பாரமே மேற்படையைப் பெயர்த்து விடும். மனிதரைப் புதைக்கும் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை அவர்களாலோ அவர்களுடைய கூட்டத்தாராலோ தூண்டப்பட்டவை. புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதற் பத்து நிமிடங்களுக்குப் பின் விரைவாகக் குறைந்து போகிறது. "இன்று இது வேண்டாம், வேறு வழியால் இறங்குவோம்" என்கிறார் வழிகாட்டி.

அவருடைய சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். அவர் சொல்வதைக் கேட்டு எல்லோரும் சுகமாகத் திரும்பினால், அவர் சொன்னது சரி என்பதற்குச் சாட்சி எதுவும் இராது. "வீணாகப் பயந்தார்" என்ற முணுமுணுப்பே மிஞ்சும்.

1820ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரஷ்ய அறிஞர் யோசேப் ஹாமெல் என்பவர் வழிகாட்டிகளோடு மோன் பிளாங் மலையில் ஏறினார். காலநிலை மோசமாகி, இடைவழியில் தங்க நேர்ந்தது. திரும்பிவிட விரும்பிய வழிகாட்டிகள் வற்புறுத்தலுக்கு இணங்கியே மேலே சென்றனர் என்று பிற்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. பனி பெயர்ந்தது. மூன்று பேர் வெடிப்பொன்றில் வீழ்ந்து மாண்டனர். அந்த மூவரும் கூலிக்குச் சென்ற வழிகாட்டிகள். பனியாறு அவர்களுடைய எச்சங்களைக் கீழே கொண்டுவந்து வெளிப்படுத்தியது 1861ஆம் ஆண்டில். நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து!

"என் உயிர், ஆபத்தை ஏற்க எனக்குச் சுதந்திரம் இல்லையா?" என்று கேட்போருக்கு அந்த மூவரின் சாவே பதில். கயிற்றில் பிணைந்த பின் ஆபத்து ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை. எனது விருப்பத்தின் விலையை இன்னொருவருடைய மனைவி மக்கள் செலுத்த நேரலாம்.

சமோனி மக்கள் இதிலிருந்து பாடம் கற்றனர். அடுத்த ஆண்டே, 1821இல், வழிகாட்டிகளின் சங்கம் உருவாயிற்று. விபத்துக்குள்ளானோரின் குடும்பங்களுக்கு உதவ நிதி ஏற்பட்டது; வேலையை முறைவைத்துப் பங்கிடும் ஒழுங்கும் வந்தது. இதில் ஆழ்ந்த நீதி உண்டு. "வேண்டாம்" என்றால் நாளைய சோறு போய்விடும் என்று அஞ்சுபவர் உண்மை சொல்லத் துணிவது கடினம். துணிவை அவரிடம் எதிர்பார்க்கும் சமூகம், அதற்குரிய பாதுகாப்பையும் அவருக்கு அளிக்கவேண்டும்.

அப்படியானால் வழிகாட்டி சொல்வதற்கெல்லாம் கண்ணை மூடித் தலையாட்டுவதா? அதுவும் தவறு. தலைவர் மீது வைக்கும் குருட்டு நம்பிக்கையும் பனிச்சரிவு விபத்துகளுக்கு இட்டுச்செல்லும் பொறிகளுள் ஒன்று என்று அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்காமன் காட்டியிருக்கிறார். வழிகாட்டியும் தவறக்கூடிய மனிதரே. "ஏன்?" என்று கேட்பதும், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதும் பின்னே வருபவரின் கடமை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் எடை ஒன்றல்ல. "நிற்போம்" என்ற குரல் யாரிடமிருந்து வந்தாலும் அதற்குச் செவிகொடுக்க வேண்டும். "போவோம்" என்பதற்கோ எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

1889ஆம் ஆண்டில் மொன்ரே ரோசா மலையைக் கடினமான கிழக்குப் புறமாக வழிகாட்டிகளோடு ஏறிய குருவானவர் ஒருவர், பின்னர் பாப்பரசர் பதினோராம் பத்திநாதரானார். பனிக்கணவாயில் வழிப்போக்கருக்குப் புகலிடம் அமைத்த புனித பெர்நாட்டை, 1923இல் மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவர் அவரே. துணிவும் விவேகமும் ஒரே மனிதரில் குடியிருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

வாசகர்களே, எம் வாழ்விலும் வழிகாட்டிகள் உண்டு. "இந்தச் சுவர் மேல்மாடியைத் தாங்காது" என்கிறார் மேசன். "இந்த மருந்து தேவையில்லை" என்கிறார் வைத்தியர். "நித்திரை தூங்குகிறது, சற்று நிறுத்துவோம்" என்கிறார் சாரதி. அவரிடம் காரணத்தைக் கேட்போம். ஆனால் பணத்தைக் காட்டி அவர் வாயை அடைக்காதிருப்போம். எம்மைத் திருப்பி அழைத்து வந்த நாளுக்கும் முழுக் கூலியைக் கொடுப்போம். அன்று அவர் செய்ததும் முழு வேலையே.