ஓர் இழைக்காக



தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனைப் பற்றி இன்றைய நற்செய்தியில் கேட்டோம். வியாபாரக் கணக்கில் அது நட்டம். ஆனால் ஆண்டவர் அதே கணக்கை நம் உடம்புக்குள்ளும் எழுதி வைத்திருக்கிறார்.

நற்செய்திக்காக நாம் எழுந்து நின்ற நேரத்திலும் நம் ஒவ்வொருவரின் எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை இரத்தத்துக்குத் தந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரு செல் இரண்டாகப் பிரிந்து, பிரிந்து வந்த வரவு. ஜெர்மனியில் கீல் நகரப் பேராசிரியர் வால்தர் பிளெமிங், சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்து, தாம் கண்டதை 1882-இல் புத்தகமாக வெளியிட்டார். பிரியப்போகும் செல்லுக்குள் இழைகள் திரள்வதைக் கண்ட அவர், நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ‘மைட்டாசிஸ்’ என்று பெயரிட்டார். நம் மொழியில் இழையும் நூல், ஏடும் நூல். குரோமோசோம்கள் என்று நாம் அழைக்கும் அந்த இழைகள் இரண்டுமாக இருக்கின்றன.

மனிதச் செல்லில் அவை 46. ஒவ்வொன்றும் தன்னைப் படியெடுத்துக்கொண்டு, இரட்டையாக ஒட்டியபடி செல்லின் நடுவே வந்து நிற்கும். இரு முனைகளிலிருந்தும் கதிர்கோல் எனப்படும் வேறு இழைகள் வந்து அவற்றைப் பற்றும். 45 பிடிபட்டுவிட்டன, ஒன்று மட்டும் ஓரத்தில் அலைகிறது என்று வையுங்கள். செல் பிரியாது. இழை சேராத அந்த ஒன்றிலிருந்தே ‘பொறுங்கள்’ என்ற வேதிச் செய்தி புறப்படும். மற்ற 45-உம் காத்து நிற்கும். அதையும் இழை பற்றிய பிறகுதான் இரட்டைகளின் பிணைப்பு அறுபட்டு, ஆளுக்கொரு படியாக இரு பக்கமும் போகும்.

படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வந்து சேர்ந்தவை எத்தனை என்று செல் பார்ப்பதில்லை. வராத ஒன்றின் குரலுக்கே செவிகொடுக்கிறது. காத்திராமல் பிரிந்தால் ஒரு செல்லில் குரோமோசோம் கூடும், மற்றதில் குறையும். புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த எண்ணிக்கை குழம்பிக் கிடக்கிறது. அந்த நோயோடு போராடும் நம் பங்கு மக்களை இத்திருப்பலியில் நினைத்துக்கொள்வோம்.

சென்ற வாரம் அன்பியக் கூட்டத்தில், “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டேன். “வரவேண்டியவங்க வந்தாச்சு சாமி, ஆரம்பிங்க” என்றார் ஒருவர். நானும் செபத்தைத் தொடங்கிவிட்டேன். மூன்று மாதமாக வராத ஒரு குடும்பத்தின் வீடு அதே தெருவில்தான் இருந்தது. அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இன்று மாலை அந்த வீட்டுக்குப் போகிறேன். உடன் வருகிறவர்கள் ஐந்து மணிக்குக் கெபி அருகே நில்லுங்கள்.