காத்திருக்கும் பந்தி

உலகம் எந்த வாசல் வழியாகச் சபைக்குள் நுழைகிறது? மது, திரைப்படம், ஆடம்பர உடை, கைப்பேசி என்று விசுவாசிகள் வரிசையாகச் சொல்வதுண்டு. அவ்வாசல்களில் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தைக் கருத்தாய் வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு வாசலும் தென்படும். அது தெருவிலன்று, கர்த்தருடைய பந்திக்கு அருகிலேயே திறந்து கிடந்தது.

கொரிந்து ஒரு வணிகப் பட்டணம். கி.மு. 146-இல் ரோமரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரால் மீண்டும் நிறுவப்பட்டது. இருபுறமும் துறைமுகம், எங்கும் பிழைக்க வந்த மக்கள். புதிதாய்க் குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். அங்கே பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் ஆகியோரோடு கூடாரத் தொழில் செய்து, ஒன்றரை ஆண்டு தங்கிப் போதித்தார். பட்டணத்தின் உக்கிராணக்காரனாகிய ஏரஸ்துவைப் போன்றவர்களும் அடிமைகளும் ஒரே சபையாய்க் கூடினர்.

அந்தச் சபையின் பந்தியில் நடந்ததை 11-ஆம் அதிகாரம் காட்டுகிறது. வசதியுள்ளோர் முந்திக்கொண்டு வயிறார உண்டனர். இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு நாணி நின்றனர். இதனைப் பவுல் சிறு குறையாக எண்ணவில்லை. அப்படிக் கூடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். அச்சபையில் பலவீனமும் வியாதியும் மலிந்ததற்கே இதனைக் காரணமாகக் காட்டுகிறார். ஆகவே ஒரு சபையின் ஆரோக்கியத்தை அதன் பந்தியில் கடைசியாக வந்து சேருகிறவனின் நிலையைக் கொண்டே அறிய வேண்டும்.

தாராவிக்கு வந்த சோதனை

மும்பையின் தாராவியும் பிழைக்க வந்தவர்களால் உருவான இடமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர் தோல் பதனிடும் தொழிலை நம்பி அங்கே சென்றனர். அவர்களோடு அவர்களுடைய வழிபாடும் சென்றது. நாளடைவில் பிள்ளைகள் படித்தனர். மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் அவற்றுக்கு அப்பாலும் வீடு மாறினவர்கள் உண்டு. ஞாயிறுதோறும் பழைய சபையைத் தேடி வருகிறவர்களும் உண்டு. இத்தகைய சபையில் அடுக்குமாடி வீட்டாரும், விடியுமுன் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் குடும்பத்தாரும், செங்குத்தான ஏணியில் ஏறி இறங்கும் மேல்தள வாடகைக்காரரும் அருகருகே அமர்கின்றனர்.

இப்போது தாராவி மறுசீரமைப்புத் திட்டம் இவர்களை வேறு விதமாய்ப் பிரிக்கிறது. அதற்கான ஏலத்தில் 2022-இல் அதானி குழுமம் தேர்வாயிற்று. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தள வீட்டுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1-க்குள் வந்தவற்றுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கு இரண்டரை லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். மேல்தளத்தாருக்கும் பிந்தி வந்தோருக்கும் வெளியே வேறு ஏற்பாடு. அரசாங்கத்துக்கு இந்தக் கணக்கு தேவைப்படலாம். இதே கணக்கு சபைக்குள்ளும் நுழைந்துவிடுமா என்பதே கேள்வி.

சாட்சி நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். வீடு உறுதியானவர் எழுந்து, கர்த்தர் ஆசீர்வதித்தார் என்கிறார். அவருடைய நன்றி உண்மையானது. ஆனால் பட்டியலில் பெயர் வராமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் விதவையின் காதில் அச்சொல் எப்படி விழும்? பழைய மின்கட்டண ரசீது தொலைந்ததனால் கர்த்தர் அவளைக் கைவிட்டாரா? குறித்த தேதிக்கு ஒரு மாதம் முந்தி வந்தவன் நீதிமானும் ஒரு மாதம் பிந்தி வந்தவன் பாவியுமா? ஆசீர்வாதம் என்ற சொல்லைச் சதுர அடியால் அளக்கத் தொடங்கும் நாளில், ஒருவரும் மது அருந்தாமலே, ஒருவரும் திரையரங்குக்குப் போகாமலே, உலகம் சபைக்குள் குடியேறிவிடுகிறது. பாடலும் ஜெபமும் முன்போலவே நடப்பதனால் அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

வீடு விரும்புவது பாவமோ?

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் உறங்கும் குடும்பம் நல்ல வீட்டை விரும்புவது உலகப்பற்று ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின நிருபம் (29-ஆம் அதிகாரம்) வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், அந்நகரத்தின் சமாதானத்தைத் தேடவும் ஏவுகிறது. வீட்டை வெறுக்கப் போதிப்பது ஏழைக்குச் செய்யும் அநியாயம். அதிலும், ஏற்கெனவே வீடு உள்ளவர் போதித்தால் பெரும் அநியாயம்.

உலகத்தாரோடு பழகுவதையும் பவுல் தடைசெய்யவில்லை. அப்படியானால் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்கும் என்பதை 5-ஆம் அதிகாரத்தில் அவரே தெளிவாக்குகிறார். சபைக்குள் இருக்கும் பாவத்தைத்தான் கண்டிக்கிறார். அந்த வரிசையில் விபசாரத்துக்கு அடுத்துப் பொருளாசையை வைக்கிறார். விபசாரத்தைக் கண்டிக்கத் துணியும் சபைகள் பொருளாசையைக் கண்டிக்கத் தயங்குவதேன்? பொருளாசைக்காரன் பல வேளைகளில் நல்ல காணிக்கைக்காரனாகவும் இருப்பதனாலன்றோ!

காத்திருத்தல் என்னும் மருந்து

கொரிந்தின் நோய்க்குப் பவுல் சொன்ன மருந்து மிக எளியது: பந்தியில் முந்தினவர்கள் பிந்தினவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருத்தல் எளிதென்று தோன்றினாலும் அதற்குக் கிரயம் உண்டு. தன் வீடு உறுதியானபின் பிறருடைய படிவத்துக்காக அலுவலகத்தில் வரிசையில் நிற்பது காத்திருத்தல். ரேஷன் அட்டையையும் வாக்காளர் பட்டியலையும் தேடி எடுக்க எழுத்தறியாதவர்களுக்கு உதவுவதும் அதுவே. ஆலயத்துக்கு மாற்றிடம் கேட்கும் கமிட்டி, வாடகைக் குடும்பங்களின் கதியையும் அதே மேசையில் பேச வேண்டும். அந்தக் கமிட்டியில் வாடகைக்காரர் ஒருவரேனும் அமர வேண்டும். கணக்குகள் எல்லாருக்கும் வாசிக்கப்பட வேண்டும்.

தூரமாய்க் குடிபெயர்கிறவர்கள் சபையின் நினைவிலிருந்து உதிர்ந்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் ஹார்பர் ரயில்பாதையில் மெகா பிளாக் என்றால் இரண்டு பிள்ளைகளோடு வருவது எத்தனை பாடு என்பதை மும்பையார் அறிவர். சந்தா பாக்கி என்று அவர்கள் பெயரை நீக்குவதற்குமுன், மூப்பர்கள் ஒருமுறை அதே ரயிலில் ஏறி அவர்கள் வீட்டில் ஜெபித்துவிட்டு வரட்டும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வசிப்போருக்கு இது சிறப்பான பொறுப்பு. பழைய சந்திலிருந்து முதலில் வெளியேறினவர்கள் அவர்களே.

சுவர்கள் இடிக்கப்படும்போது, அச்சபையைச் சேர்த்துக் கட்டியிருந்தது ஒரே தெரு என்னும் வசதியா, ஒரே அப்பமா என்பது வெளிப்படும். தெருதான் என்றால் புல்டோசர் அதைக் கலைத்துவிடும். அப்பம் என்றால், கடைசியாய் வருகிறவளுக்கும் பந்தியில் இடம் வைத்துச் சபை காத்திருக்கும்.