அறுபத்துமூவரில் இல்லாத அக்கா



இன்று ஓர் அம்மாவின் நினைவு நாளுக்காக ஐதராபாத் சனத்நகரில் கூடியிருக்கிறோம். இளம் வயதில் தமிழ்நாட்டிலிருந்து ஐதராபாத்துக்கு வந்து, நர்ஸ் வேலை பார்த்து, ஒரு குடும்பத்தையே கரையேற்றியவர். அவரைப் பற்றிப் பேச வந்த நான் பெரிய புராணத்திலிருந்து ஓர் அக்காவின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பண்ணுருட்டிப் பக்கம் திருவாமூர். அங்கே புகழனார், மாதினியார் தம்பதிக்குத் திலகவதியார் என்றொரு மகள், மருள்நீக்கியார் என்றொரு மகன். மகளைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவர் அரசன் ஆணைப்படி வடக்கே போருக்குப் போய்விட்டார். இங்கே தகப்பனார் காலமானார். தாயாரும் கூடவே போய்விட்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், கலிப்பகையார் களத்தில் மாண்ட செய்தி வந்தது.

அவருக்கென்று பேசிய உயிர் இனி எதற்கு என்று தாமும் உயிரை விடத் துணிந்தார் திலகவதியார். தம்பி காலில் விழுந்து அழுதான். ‘அப்பா அம்மாவுக்குப் பிறகு உன்னை நம்பித்தான் இருக்கிறேன், நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன்’ என்றான். அக்கா மனத்தை மாற்றிக்கொண்டார். தம்பிக்காக உயிர் தாங்கினார்.

சாவதற்குத் துணிவு வேண்டும் என்பார்கள். பிறருக்காக இருப்பதற்கு அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். ஊரை விட்டு, மொழி தெரியாத இடத்தில் வேலைக்கு வந்த எத்தனையோ நர்ஸுகளின் கதை இதுதான். தகப்பனார் கடன், தங்கை கல்யாணம், தம்பி படிப்பு என்று ஒவ்வொன்றாகத் தோளில் ஏறும். எங்கே வலிக்கிறது என்பதை ‘எக்கட நொப்பி அம்மா’ என்று தெலுங்கில் கேட்கப் பழகிய வாய், வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் தன் வலியை மட்டும் எழுதாது.

நம் சனத்நகர் உழைப்பாளிகளின் ஊர். ஆல்வின் கம்பெனியில் பிரிட்ஜும் பஸ்ஸும் வாட்சும் செய்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தொழிலாளிக்கு நோய் வந்தால் கையேந்தாமல் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது, 1952-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்குள்ள இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் அந்த ஏற்பாட்டில் வந்ததுதான். சட்டம் கட்டில் போடும். கட்டிலில் கிடப்பவரைத் தொட்டுத் துடைப்பது யார்? படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நடு ராத்திரியில் அந்த நேரத்தை மறக்காமல் எழுந்து வருபவர் நர்ஸ்.

திலகவதியாரும் அப்படிப்பட்ட வேலையைத்தான் எடுத்துக்கொண்டார். தம்பி சமண சமயத்தில் சேர்ந்து பாடலிபுத்திரத்துக்கு, இன்றைய திருப்பாதிரிப்புலியூருக்கு, போய்விட்டார். அக்கா கெடிலக் கரையில் திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து, விடியுமுன் கோயிலைப் பெருக்கினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். தம்பியைக் காப்பாற்று என்று இறைவனிடம் மட்டும் கேட்டார்.

தம்பிக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைக் குடையும் வலி. எந்த மந்திரத்துக்கும் மருந்துக்கும் அடங்கவில்லை. சமையற்காரனை அனுப்பி அக்காவுக்குச் சொன்னார். ‘அங்கே நான் வரமாட்டேன்’ என்றார் அக்கா. தம்பியே ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்து காலில் விழுந்தார். அப்போது அக்கா பழைய கணக்கு எதையும் எடுக்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். துடைப்பமும் சாணமும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கோயிலுக்குக் கிளம்பினார். தம்பியையும் கூட்டிப் போனார். அங்கே பாடிய பாட்டில் நோய் தீர்ந்தது. மருள்நீக்கியார் நாவுக்கரசர் ஆனார். பின்னாளில் அப்பர் என்று பெயர்பெற்ற அந்தப் பெருமான் ஊர் ஊராக உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கினாரே, அந்தத் தொண்டை அவர் அக்காவின் கையைப் பார்த்துத்தான் கற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது ஒன்று கவனியுங்கள். அறுபத்துமூன்று நாயன்மார்களில் பெண்கள் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். திலகவதியார் அதில் இல்லை. தம்பிக்கு இடம் உண்டு, தம்பியை மீட்டவருக்கு இல்லை. ஆனாலும் பெரிய புராணம் பாடிய சேக்கிழாரால் அக்காவைச் சொல்லாமல் அப்பரின் கதையைத் தொடங்க முடியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் டாக்டர் பெயர் இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு டிரிப் பாட்டில் மாற்றிய சிஸ்டரின் பெயர் இருக்காது. பிழைத்தவன் கதையை நேர்மையாகச் சொன்னால் அவர் வந்தே தீருவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட தாய்மாரைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டு, அடுத்த சுமையையும் அவர் தலையிலேயே ஏற்றும் பழக்கம் நமக்கு இருக்கிறது. டியூட்டி முடிந்து வந்தவர் நேரே அடுப்படிக்குப் போவதைத் தியாகம் என்று பாராட்டுகிறோம். எழுந்து ஒரு பாத்திரம் கழுவுவதில்லை. அது பக்தி ஆகாது. அப்பர் அக்காவைக் கும்பிட்டதோடு நிற்கவில்லை, தாமும் கையில் கருவியை எடுத்தார்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால், உங்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள். வீட்டில் எல்லோரையும் தாங்கும் பெரியவரிடம், ‘இன்றைக்கு நீங்கள் படுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். இந்த அம்மாவுக்கு நாம் செய்யும் நினைவு வழிபாடு அதுவே.

திருச்சிற்றம்பலம்.