பறவையால் என்ன பயன்?

எதைக் கண்டாலும் 'இதனால் நமக்கு என்ன பயன்?' என்று கேட்பது மனிதனின் இயல்பு. அக்கேள்வியில் குற்றமில்லை, உழவனும் வணிகனும் அதைக் கேட்டுத்தான் வாழ்கிறார்கள். ஆயினும், இறைவன் படைத்த அனைத்தையும் அந்த ஒரே படியால் அளந்துவிடலாமா? சென்ற ஆண்டு ஒரு குளக்கரையில் இதற்கு விடை சொல்ல வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது.

நெல்லையிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில், நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது கூந்தன்குளம். தாமிரபரணியின் துணையாறாகிய மணிமுத்தாற்றின் நீர் கால்வாய் வழியே வந்து நிறைக்கும் பாசனக் குளம் அது. 1994ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 129 ஹெக்டேர் பரப்புள்ள இச்சரணாலயம், 2021இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அதன் அருகே வாழும் என் தங்கையின் இல்லத்தில் மாசி மாதம் முழுவதும் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. நாள்தோறும் சுபுஹுத் தொழுகைக்குப் பின், தங்கை மகனை அழைத்துக்கொண்டு கரைக்குச் செல்வேன்.

முதல் சில நாட்கள் எண்ணிக்கையே கண்ணில் பட்டது, பறவை படவில்லை. வாரம் ஒன்று கடந்த பிறகே வேறுபாடுகள் விளங்கலாயின. மஞ்சள் மூக்கு நாரைகள் கருவேல மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள் வீட்டுப் புறக்கடை மரங்களிலும் கூடு கட்டியிருந்தன. வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம். அலகுகளைத் தட்டித்தான் ஓசை எழுப்புகிறது. வெயில் ஏறியதும் தாய் நாரை சிறகுகளை விரித்து நிற்கும். அந்த நிழலில் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். கூழைக்கடாக்களும் கரண்டிவாயன்களும் மீன் தேடிக்கொண்டிருந்தன. நடுநீரில் வரித்தலை வாத்துகள் மிதந்தன. மங்கோலியா, திபெத் முதலிய தேசங்களில் பிறந்து, இமயத்தைக் கடந்து, குளிர்காலத்துக்கு மட்டும் நம் நாட்டுக்கு வருபவை அவை.

ஒரு நாள் சிறுவன் கேட்டான்: "மாமா, இவற்றால் நமக்கு என்ன பயன்?"

நான் சற்றும் தயங்காமல், "எச்சம் விழுந்த நீர் வயலுக்கு நல்ல உரமாகிறது" என்றேன். அது உண்மைதான். அவ்வூர் உழவர்கள் அந்த நீரையும் வண்டலையும் பெரிதும் மதிக்கிறார்கள். சிறுவனும் நிறைவடைந்தான். நான்தான் நிறைவடையவில்லை. உரம் கடையில் மலிவாகக் கிடைத்தால் இந்தப் பறவைகள் வேண்டாதவை ஆகிவிடுமா? முப்பது ஆண்டுகள் ஓதிக்கொடுத்த நான் ஒரு பிள்ளைக்கு வியாபாரியின் விடையையா கொடுத்தேன்?

திருமறையின் 'அல் அன்ஆம்' அத்தியாயம், விலங்கினங்களையும் பறவையினங்களையும் நம்மைப் போன்ற சமுதாயங்களாகவே குறிப்பிடுகிறது. அங்கு ஆளப்படும் சொல் 'உமம்'. நாம் நம்மைப் பெருமையோடு அழைத்துக்கொள்ளும் 'உம்மத்' என்னும் சொல்லின் பன்மையே அது.

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவினர், தம் நிருபங்களில் ஒரு வழக்கைக் கற்பனை செய்தார்கள். ஜின்களின் அரசன் முன்னிலையில் விலங்குகளும் பறவைகளும் மனிதன்மீது முறையிடுகின்றன. 'இவை எங்களுக்காகவே படைக்கப்பட்டவை' என்பது மனிதர் தரப்பு. வடிவம், அறிவு, தொழில்திறன் என்று அவர்கள் அடுக்கிய பெருமைகள் ஒவ்வொன்றையும் விலங்குகள் மறுத்துவிடுகின்றன. முடிவில் ஒன்றே நிலைக்கிறது. மனிதனுக்கு மறுமை உண்டு. அங்கே எழுப்பப்பட்டு அவன் கணக்குக் கொடுக்க வேண்டும். அவனுடைய உயர்வு அதிகாரத்தில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது என்றே நான் அவ்வழக்கைப் புரிந்துகொள்கிறேன்.

இந்த நூலறிவு இருந்தும் சிறுவனுக்கு ஏற்ற விடை எனக்குக் கிட்டவில்லை. அதைத் தந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி. அவர் வீட்டு வேப்பமரத்தில் நாரைகள் குடியிருந்தன. முற்றமெல்லாம் எச்சம், மீன் நாற்றம் வேறு. கூட்டிலிருந்து விழுந்த ஒரு குஞ்சைக் கூடையில் வைத்துப் பேணிக்கொண்டிருந்தார். பறவைகள் அஞ்சுமே என்பதற்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிக்காத ஊர் அது. "இத்தனை தொல்லையை எப்படித் தாங்குகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பிள்ளை பெறத் தாய்வீட்டுக்கு வந்தவகிட்ட வாடகையா கேப்பாங்க, பாய்?" என்றார்.

என் தங்கையின் மூத்த மகளும் அப்போது தலைப்பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். அன்றிரவு சிறுவனிடம், "உன் ராத்தா வந்திருக்கிறாளே, அவளால் நமக்கு என்ன பயன்?" என்று கேட்டேன். அவன் முகம் சிவந்தது. "இப்படியெல்லாம் கேட்கலாமா மாமா?" என்றான். "கேட்கக் கூடாது. காலையில் நீ கேட்டதற்கும் அதுதான் விடை. நான் சொன்ன விடை பிழை" என்றேன்.

குஞ்சுகளை இழந்து தவித்த ஒரு சிறு பறவையைக் கண்டதும், எடுத்தவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூது தொகுப்பில் உள்ளது. அப்பறவையால் ஆகும் பயன் அங்கே ஒரு பேச்சாகவே இல்லை. ஒரு தாயின் தவிப்பே போதுமானதாயிற்று.

பயனைப் பெறுவது தவறன்று. கூந்தன்குளத்தார் உரமும் பெறுகிறார்கள். ஆனால் எச்ச நாற்றத்தைச் சகித்ததும், வெடியைக் கைவிட்டதும், விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்ததும் உரத்துக்குக் கொடுத்த விலை அல்ல. பயனை மட்டுமே பார்க்கப் பழகிய கண் பறவையோடு நின்றுவிடாது. இன்று குளக்கரையில் கேட்கும் அதே கேள்வியை, நாளை அது திண்ணையில் ஓய்ந்து கிடக்கும் முதியவரைப் பார்த்தும் கேட்கும். நம் பிள்ளைகளின் கண்களை நாம் எதற்குப் பழக்குகிறோம் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.