வேடம் பூண்டவரும் வேஷம் போட்டவரும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் கோயில் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மழை விட்டுவிட்டது. பனி மட்டும் மண்டபத்துக்குள் எட்டிப் பார்க்கிறது. பின்கட்டில் சாம்பார் கொதிக்கிற வாசனையும் வருகிறது. அதனால் நீட்டாமல் முடித்துவிடுகிறேன்.

தானா ராத்தாவிலிருந்து என்னை அழைத்து வந்த பெரியவர் வழியில் தம் பேரனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். "புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டுப் படிக்கிற மாதிரி பாவ்லா காட்டுறான் சாமி" என்றார். வந்து இறங்கும்வரை அந்தச் சொல் என்னை விடவில்லை. இல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொள்வதற்குத் தமிழில்தான் எத்தனை சொற்கள்! பாவ்லா, பாசாங்கு, பம்மாத்து, நடிப்பு, மாறுவேடம், ஆள்மாறாட்டம். பேரன் செய்வது பாவ்லா. அவனுக்குப் பதில் இன்னொருவன் பரீட்சை எழுதினால் அது ஆள்மாறாட்டம். முதலாவதற்குத் தாத்தா காதைத் திருகுவார், இரண்டாவதற்குப் போலீஸ் வரும்.

இவற்றில் ஒரு சொல்தான் விசித்திரமானது: வேடம். மற்றச் சொற்களைக் கேட்டால் சிரிப்போம், அல்லது முகம் சுளிப்போம். வேடம் என்ற சொல்லைக் கேட்டால் சைவர்கள் கைகூப்புவார்கள். திருநீறும் உருத்திராக்கமும் சடையும் 'திருவேடம்'. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், கடைசிச் சூத்திரம், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழச் சொல்கிறது. அதே சொல்லில்தான் 'வேடதாரி' என்று திட்டவும் செய்கிறோம்.

எப்படி வித்தியாசம் தெரியும்? வினைச்சொல்லைக் கவனியுங்கள். கூத்துக்காரர் வேஷம் கட்டுகிறார். ஏமாற்றுக்காரன் வேஷம் போடுகிறான். அடியவர் வேடம் பூணுகிறார், தாங்குகிறார். கட்டியதை விடிந்தால் அவிழ்த்துவிடலாம், போட்டதைக் காரியம் முடிந்ததும் கலைத்துவிடலாம். தாங்குவது என்றாலோ அதற்குக் கனம் இருக்கிறது என்று பொருள்.

அந்தக் கனத்தை உயிர் கொடுத்துத் தாங்கிய ஒருவரைத்தான் இன்று உங்கள் முன் நிறுத்த வந்திருக்கிறேன். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய அறுபத்து மூவரில் ஒருவர், திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார்.

அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன் என்பவன் உடம்பெல்லாம் நீறு பூசிச் சடை முடித்து இரவில் அரண்மனைக்கு வந்தான். கையில் ஒரு புத்தகக் கட்டு, கட்டுக்குள் கத்தி. வாசல் வாசலாகக் காவலர்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். கடைசி வாசலில் தத்தன் என்ற காவலன் மட்டும் தடுத்தான்: அரசர் உறங்குகிறார், சமயம் அறிந்து போக வேண்டும் என்றான். அவனை மீறி உள்ளே போய்விட்டான் வந்தவன். அரசி எழுந்து அரசரை எழுப்பினாள். யாரிடமும் இல்லாத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன், தனியே சொல்ல வேண்டும் என்றான் முத்தநாதன். அரசர் தேவியை அனுப்பிவிட்டு, அவனை ஆசனத்தில் அமர்த்தி, தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். புத்தகம் அவிழ்ந்தது. கத்தி இறங்கியது.

பாய்ந்து வந்த தத்தன் வாளை ஓங்கினான். சாய்ந்துகொண்டிருந்த அரசர் கையால் தடுத்தார். இவர் நம்மவர், ஊர் எல்லை வரை யாரும் தீண்டாமல் கொண்டுபோய் விட்டு வா என்றார். செய்தி பரவி ஊர் திரண்டு வழிமறித்தது. அரசர் ஆணை என்று சொல்லித்தான் தத்தன் அவனைக் கடத்த முடிந்தது. தத்தன் திரும்பி வந்து 'விட்டுவந்தேன்' என்று சொல்லும்வரை அரசர் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்.

சிறு வயதில் இந்தக் கதை எனக்குப் பிடிக்காது. என்ன அசட்டுத்தனம் என்று தோன்றும். சென்ற ஆண்டுதான் வேறு விதமாகப் புரிந்தது, அதுவும் ஒரு தொலைபேசி அழைப்பால்.

என் அக்காவை ஒருவன் அழைத்தான். வங்கி அதிகாரி என்றான். உங்கள் பெயரில் கள்ளப்பணம் புழங்குகிறது என்று சொல்லி இன்னொருவனிடம் பேச வைத்தான், அவன் தன்னைப் போலீஸ் என்றான். பணத்தைப் 'பாதுகாப்பான கணக்குக்கு' மாற்றச் சொன்னார்கள். நம் நாட்டில் இதை மக்காவ் ஸ்கேம் என்கிறோம், உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அக்காவின் சேமிப்பில் பாதி போயிற்று. பணம் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதன் பிறகு அக்கா தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை. மருத்துவமனையிலிருந்து மாமாவின் பரிசோதனை முடிவைச் சொல்ல உண்மையாகவே ஒரு தாதி அழைத்தார். அக்கா அவரையும் கண்டபடி திட்டி வைத்துவிட்டாள்.

அன்றிரவு எனக்கு மெய்ப்பொருளார் நினைவுக்கு வந்தார். போலி வந்து போனபின் தண்டனை உண்மையானவருக்குத்தான் கிடைக்கிறது. நீறு பூசிய ஒருவனைத் திருக்கோவலூர் மக்கள் அன்று வெட்டியிருந்தால், மறுநாள் நீறு பூசி வருகிற உண்மை அடியாரை எந்த வாசல் திறந்து விட்டிருக்கும்? அரசர் காப்பாற்றியது முத்தநாதனை அல்ல. அவனுக்குப் பின்னால், பசியோடு நடந்து வந்துகொண்டிருந்த அடியவரை.

வேஷமெல்லாம் பாவம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மலைமேல் இருக்கிற நம் முருகனே கோபித்துக்கொள்வான். தினைப்புனம் காத்த வள்ளியிடம் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகத் தள்ளாடினான். கடைசியில் தானே தன்னைக் காட்டிக்கொடுத்தான். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் காப்புக் கட்டி விரதமிருப்பவர்கள் காளியாகவும் குறத்தியாகவும் போலீசாகவும் பிச்சைக்காரராகவும் வீடு வீடாக வருவார்கள். கொடுக்கிறவருக்கும் அது வேஷம் என்று தெரியும். காணிக்கை அம்மனுக்குப் போகும்.

நம் தாத்தா பாட்டிமார் நேதாஜி என்று உருகுவார்களே, அவரும் வேஷம் போட்டவர்தான். 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து முகமது ஜியாவுதீன் என்ற இன்சூரன்ஸ் ஏஜெண்டாக வெளியேறினார். பெஷாவருக்கு அப்பால் காது கேளாத, வாய் பேசாத பட்டாணியராக நடந்தார், ஏனென்றால் பஷ்து மொழி தெரியாது. காபூலிலிருந்து இத்தாலியப் பெயரில் பெர்லின் போனார். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் வந்து நின்றபோது சொந்தப் பெயரில் நின்றார். மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் அந்தப் பெயரை நம்பித்தான் அவர் படையில் சேர்ந்தார்கள்.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன்: பாவனை. பேச்சில் இதற்கும் நடிப்பு என்றுதான் பொருள் கொள்கிறோம். சித்தாந்த நூல்களில் இதன் மதிப்பே வேறு. பாம்புக்கடிக்கு விஷம் இறக்குகிறவன் தன்னைக் கருடனாகப் பாவிக்கிறான், அந்தப் பாவனை முற்றும்போது விஷம் இறங்குகிறது, அதுபோல உயிர் சிவத்தைப் பாவித்து அதனோடு ஒன்றுகிறது என்று உவமை சொல்வார்கள். உங்களுக்கு நான் கருடனைக் காட்ட வேண்டாம், ஃபேக்டரிக்குப் போய்ப் பாருங்கள். 1929இல் ரசல் துரை 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல் இந்த மலையில் நடப்பதுதான். பச்சைக் கொழுந்து வாடுகிறது, உருட்டுப்படுகிறது, காற்றுப்பட்டுச் சிவக்கிறது, சூட்டில் கறுக்கிறது. இலை கறுப்பு வேஷம் போட்டிருக்கிறது என்று யாராவது சொல்கிறோமா? அது மாறிவிட்டது. நாளும் நீறு பூசுகிறவர்களுக்கு நடக்க வேண்டியதும் அதுதான். நடக்காவிட்டால் நானும் சட்டைப்பையில் கத்தி இல்லாத முத்தநாதன்தான்.

ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசர் கொடுத்தது தம் உயிரை. பிள்ளையின் படிப்புப் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு 'நான் மெய்ப்பொருள்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. சந்தேகப்பட்ட தத்தனை அரசர் ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் பாருங்கள். போலீஸ் என்றோ வங்கி என்றோ எவனாவது மிரட்டிப் பணம் கேட்டால் போனை வையுங்கள். அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 997க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் அரசாங்கம் இதற்காகவே தொடங்கிய எண் அது.

மெய்ப்பொருளாரின் குருபூசை கார்த்திகை மாத உத்திரத்தில் வருகிறது. அன்று வேலை முடிந்து வரும்போது இந்தச் சன்னிதியில் அவருக்கு ஒரு விளக்கு ஏற்றுங்கள். கூடவே இன்னொன்று, கடைசி வாசலில் நின்ற தத்தனுக்கு.