மழலையருக்குக் கற்பிக்கப் பட்டம் எதற்கு?

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் மழலையர் வகுப்பின் வாசலில் சற்று நேரம் நின்று பார்த்தவர்கள் நம்முள் பலர் இருப்போம். தாயின் சேலைத் தலைப்பைப் பற்றியிருந்த சிறு கை பிரிக்கப்படுகிறது, கதவு சாத்தப்படுகிறது, உள்ளே ஒரு பிள்ளை அழத் தொடங்க, அதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் அழுகின்றன. வெளியே நிற்கும் தாய் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு வீட்டிற்குத் திரும்புகிறாள். நாமோ, "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நம் அலுவலைக் கவனிக்கப் போய்விடுகிறோம். முப்பது பிள்ளைகள் ஒருசேர அழும் அந்த அறைக்குள் நிற்கும் ஆசிரியை செய்ய வேண்டியது என்ன, அதை அவள் எங்கே கற்றாள் என்ற கேள்வி நம் உள்ளத்தில் எழுவதேயில்லை.

அண்மையில் அக்கேள்வி எழுந்தது. நாம் அறிந்த குடும்பமொன்றில் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண்ணொருத்தி, மழலையர் கல்வியையே பட்டப் படிப்பாகப் படிக்கப் போவதாகக் கூறினாள். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். "பால்வாடியிலே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காலேஜ் படிப்பு வேணுமாம்மா? உன் பாட்டி எட்டுப் பிள்ளை வளர்த்தாளே, அவள் எந்தக் காலேஜுக்குப் போனாள்?" என்று அவளுடைய பெரியப்பா கேட்டார். அன்போடுதான் கேட்டார். அவள் தலை குனிந்துகொண்டாள். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு வீடு வந்த பின்னும் நம்மை உறுத்திக்கொண்டிருந்தது.

பெரியப்பாவின் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. பிள்ளை வளர்ப்பது அன்பின் செயல். அன்பைப் பல்கலைக்கழகம் வழங்குவதில்லை. பாட்டிமார் ஏட்டுக் கல்வியின்றியே பிள்ளைகளை ஆளாக்கினர். ஆயினும் பாட்டி வளர்த்த எட்டுப் பேரும் அவள் இரத்தம். பிறந்த நாள் முதல் ஒவ்வொன்றின் அழுகையையும் அவள் அறிவாள். இது பசிக்கு அழுகிறது, இது தூக்கத்திற்கு அழுகிறது என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். எட்டும் ஒரே வயதில் ஒரே நாளில் அவள் முற்றத்திற்கு வந்து சேரவில்லை. மழலையர் பள்ளி ஆசிரியைக்கு வாய்ப்பது வேறு நிலை. அவள் முன்னே முப்பது அந்நியப் பிள்ளைகள். ஒன்றின் வீட்டில் தாய் வெளியூரில் வேலை பார்க்கிறாள். ஒன்றின் வீட்டில் தந்தை குடிக்கிறார். ஒன்று வீட்டில் தெலுங்கு பேசுகிறது. தன் பிள்ளை மீது அன்பு தானாகச் சுரக்கிறது. பிறர் பிள்ளை மீது கொள்ளும் அன்புக்கு அந்தப் பிள்ளையை அறிய வேண்டியிருக்கிறது. அறியாததை ஒருவரும் அன்பு செய்ய இயலாது என்பது புனித அகுஸ்தீனாரின் கருத்து. புனித தோமா அக்குவினா அதனை ஏற்று விளக்கியிருக்கிறார். அவ்விருவரும் மழலையர் வகுப்பை நினைத்து அதைக் கூறவில்லை என்பது உண்மையே. ஆனாலும் அந்த வகுப்புக்கு அது பொருந்தும் அளவுக்கு வேறெங்கும் பொருந்துமா என்று நமக்கு ஐயம்.

அங்கே அறியப்பட வேண்டியவை யாவை? மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் இருக்க வேண்டிய எட்டுச் சிற்றெலும்புகளுள் பெரும்பாலானவை இன்னும் எலும்பாக இறுகவில்லை, குருத்தெலும்பாகவே உள்ளன. விரல்களின் நுண்ணிய தசைகளும் அவ்வாறே பதப்படாதவை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பிள்ளை எழுத்தைக் கற்பதற்கு முன் எழுத்தின் மீது வெறுப்பைக் கற்கிறது. களிமண் பிசைவதும், மணி கோப்பதும், புளியங்கொட்டை பொறுக்குவதும் எழுதுவதற்கான ஆயத்தங்களே என்பதைப் படித்தவள் அறிவாள். நாமோ அவற்றைப் பொழுதுபோக்கு என்கிறோம்.

இன்னுமொன்று. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே காட்டிய சோதனையை எந்த வீட்டுச் சமையலறையிலும் செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரு டம்ளர்களில் சமமாகப் பாலை ஊற்றி நாலு வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள். பிறகு ஒரு டம்ளரின் பாலை அகன்ற கிண்ணத்தில் ஊற்றுங்கள். டம்ளரில்தான் பால் கூடுதல் என்று பெரும்பாலான பிள்ளைகள் சாதிக்கும். அது பிடிவாதமோ அறியாமையோ அன்று. அவ்வயதுக்குரிய சிந்தனை முறை. இதை அறியாதவர் தம்பிக்கு அதிகம் ஊற்றிவிட்டதாக அழும் பிள்ளையைப் பொறாமைக்காரன் என்று கடிந்துகொள்கிறார். நாமே கடிந்திருக்கிறோம்.

நாம் அறிந்த பள்ளியொன்றில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அடங்காப்பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தான். அழைத்தால் வருவதில்லை; பாட்டுக்குக் கை தட்டுவதில்லை; சன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஓராண்டு முழுதும் சுவரோரம் நிற்பதே அவன் பாடமாக இருந்தது. அவனைத் தண்டித்த ஆசிரியை கொடியவளல்லள். பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் தன் காசில் மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் நல்ல பெண். மறு ஆண்டு வந்த வேறோர் ஆசிரியை, மழலையர் கல்வி முறையாகப் படித்தவள், முதல் வாரத்திலேயே அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. மருத்துவரிடம் காட்டியபோது இரு செவிகளிலும் குறை இருப்பது தெரிந்தது. முதலாமவளிடம் அன்பு குறைவாக இருந்தது என்று நாம் சொல்லத் துணியோம். அந்த அன்புக்குக் கண் இல்லாதிருந்தது. அந்தச் சிறுவன் இழந்த ஓராண்டை யார் கணக்கில் எழுதுவது?

எனினும் பட்டம் பெற்றவர் எல்லாரும் கண் பெற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. மரிய மொந்தெசோரி அம்மையார் 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று, உரோமையின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது, பிள்ளைகளுடன் நாள்தோறும் இருக்க அவர் தேர்ந்தது எளிய பெண்ணொருத்தியை. பழைய ஆசிரியப் பயிற்சியின் பழக்கங்கள் படியாத ஒருத்தி தாம் சொல்வதை அவ்வாறே செய்வாள் என்பது அம்மையாரின் எண்ணம். அதே அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் தாயகம் திரும்ப இயலாமல், 1942 முதல் ஈராண்டுகள் கொடைக்கானலில் தங்கிய நாட்களிலும் மலைச் செடிகளையும் பூச்சிகளையும் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பயிற்சி பெறாதவளைத் தேர்ந்தவரே வாழ்நாளெல்லாம் பயிற்சி தந்துகொண்டிருந்தார். இதில் முரண் உண்டு என்று நாம் கருதவில்லை. அவர் வேண்டியது பிள்ளையைப் பொறுமையோடு உற்றுநோக்கும் பழக்கம். தவறான பயிற்சி அதைக் கெடுக்கும். நல்ல பயிற்சி அதை வளர்க்கும்.

பட்டம் கெடுத்தவர்களையும் கண்டிருக்கிறோம். கோப்பில் படம் வரைந்து ஒட்டுவதில் கருத்தாக இருந்து, தரையில் அமர்ந்தால் சேலை கசங்கும் என்று நாற்காலியை விட்டு இறங்காதவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வகுப்பில் பிள்ளைகள் விழுந்தாலும் மூக்கொழுகினாலும் ஓடுவது ஆயாவிடம்தான். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அந்த ஆயாவின் மடியில் முப்பது ஆண்டுகளில் எத்தனை நூறு பிள்ளைகள் உறங்கியிருக்கின்றன! நாளை பட்டம் இல்லாதவர் மழலையர் அருகில் வரலாகாது என்றொரு விதி வருமானால், அவள் என்ன ஆவாள்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் பட்டத்தைப் புகழ்வது நேர்மையாகாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை ஒரே அடித்தளமாகக் கொண்டு, மேல்நிலைக் கல்வி முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியும் அளிக்கப்படும் என்கிறது. அக்கொள்கையின் பிற கூறுகள் பற்றி நம் நாட்டில் கடும் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றுள் நாம் இங்குப் புகவில்லை. பணியில் இருப்பவரை வெளியேற்றாமல் அவர் இருக்குமிடத்திலேயே கற்பிக்க முனைவது நல்ல வழி என்று மட்டும் கூறுவோம்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. பெரியப்பா கேட்ட கேள்விக்குள் கேட்கப்படாத மற்றொரு கேள்வி ஒளிந்திருந்தது: படித்து என்ன சம்பளம் வாங்கப் போகிறாய்? அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிற்று. அதில் உழைக்கும் பெண்கள் தொடக்கம் முதலே கெளரவப் பணியாளர் எனப்பட்டனர். அவர்கள் பெறுவதற்கு மதிப்பூதியம் என்று பெயர். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அரசைக் குறை கூறுவது எளிது. நம் ஆலய வளாகங்களில் நடக்கும் மழலையர் வகுப்புகளின் சம்பளப் பதிவேட்டை எத்தனை பங்குப் பேரவைகள் எடுத்துப் பார்த்திருக்கின்றன? மேல் வகுப்பு ஆசிரியர் பெறுவதில் பாதியும் பெறாத பெண், "சின்னப் பிள்ளைகளைத்தானே பார்த்துக்கொள்கிறாள்" என்ற ஒரு சொல்லால் வாயடைக்கப்படுகிறாள். "இது வேலையன்று, அம்மா, இறையழைத்தல்" என்று மேலும் ஒருவர் சேர்த்துக்கொள்வார். இறையழைத்தல் என்ற புனிதமான சொல் கூலியைக் குறைக்கும் கருவியாகப் பயன்படும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது. தொழிலாளிக்கு நேரிய ஊதியம் மறுக்கலாகாது என்று 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் எழுதிய சுற்றுமடல் ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் உரியதா?

இவ்விடத்தில் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் வரலாறு நினைவுக்கு வருகிறது. பிரான்சு நாட்டின் ரான்ஸ் நகரப் பேராலயத்தில் உயர் பதவி வகித்த செல்வக் குடும்பத்துக் குரு அவர். ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர்களைத் தொடக்கத்தில் தம் வீட்டுப் பணியாளினும் தாழ்ந்தவர்களாகவே எண்ணியதாக அவரே பின்னாளில் ஒளிவின்றி எழுதி வைத்தார். ஆனால் அவர்களுக்குப் பயிற்சி இல்லை என்பதையும், பயிற்சியின்றி அவர்கள் பிள்ளைகளுக்கு உதவ இயலாது என்பதையும் அவர் கண்டார். முதலில் அவர்களைத் தம் மேசையில் உணவருந்த அழைத்தார், பிறகு தம் வீட்டிலேயே தங்க வைத்தார், உறவினர் சீறினர். 1683இல் பதவியைத் துறந்தார். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு வழங்கினார். நாட்டுப்புற ஆசிரியர்களுக்கென்று அவர் தொடங்கிய பயிற்சிக்கூடம் ஐரோப்பாவின் முதல் ஆசிரியப் பயிற்சி நிலையங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவர் விழாவை நம் பள்ளிகளில் கொண்டாடுகிறோம். மேசைக்கு அழைத்த கதையை யாரும் மறையுரையில் சொல்லக் கேட்டதில்லை.

பெற்றோராகிய நம் பங்கையும் மறைக்க வேண்டாம. பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் வலியுறுத்தியது. அந்த முதல் ஆசிரியர்கள் மாலையில் பள்ளி வாசலுக்கு வந்து கேட்பது எதை? "ஹோம் ஒர்க் ஏன் இல்லை?" என்பதைத்தான். பக்கத்துப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளை நூறு வரை எழுதுகிறதாம். இங்கே மண்ணில் விளையாட விடுகிறார்களாம். இதற்கா பீஸ் கட்டுகிறோம்? முறையாகப் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு உண்மையான சோதனை இங்கேதான் வருகிறது. மூன்று வயதுக் கையில் பென்சில் கூடாது என்று அவள் அறிவாள். தாளாளர் எழுத வை என்கிறார். எழுத வைக்காவிட்டால் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவர்; சேர்க்கை குறைந்தால் அவள் வேலைக்கே ஆபத்து. அவள் கற்ற கல்வி அவள் மனச்சான்றாகி அவளை வருத்துகிறது. கல்லாதவள் களங்கமின்றிச் செய்யும் தவற்றை இவள் தெரிந்தே செய்ய வேண்டியவளாகிறாள். அவள் துணிந்து மறுக்க வேண்டும் என்று இருக்கையில் அமர்ந்து எழுதுவது நமக்கு எளிது. வீட்டு வாடகை கொடுக்க வேண்டியவள் அவள். ஆகவே அவளுக்கு முன் நாமே மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பவர் நாமே அன்றோ?

பிள்ளைகளை ஆண்டவரிடம் கொண்டுவந்தவர்களைச் சீடர் அதட்டினர் என்று மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். சீடர் கெட்ட எண்ணத்தோடு அதட்டவில்லை. பெரிய காரியங்களுக்கு நடுவே சிறு பிள்ளைகளுக்கு என்ன இடம் என்று நினைத்தனர்; அவ்வளவே. ஆண்டவர் சினங்கொண்டார் என்று அவ்விடத்தில் நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். ஆலய முற்றத்தில் நாம் சிரித்த சிரிப்பு அந்த அதட்டலுக்கு வெகு தொலைவில் இல்லை.

அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். செயல்முறைப் பயிற்சிக்காக இப்போது வாரத்தில் இரு நாள் அங்கன்வாடி ஒன்றுக்குப் போகிறாள். ஒரே பிள்ளையை அரை மணி நேரம் குறுக்கிடாமல் உற்றுநோக்கி, கண்டதை மட்டும் எழுதி வர வேண்டுமாம். கருத்து ஒன்றும் சேர்க்கக் கூடாதாம். "ரொம்பக் கஷ்டம், பெரியப்பா. 'சேட்டை பண்ணினான்'னு எழுதினால் அடித்துவிடுகிறார்கள். என்ன செய்தான்னு எழுதணுமாம்" என்று போன ஞாயிறு அதே முற்றத்தில் சொன்னாள். பெரியப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தப் பிள்ளை அப்படி என்னதான் செய்தது என்று கேட்டார். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.